சிவப்பு வீரன் படித்த ஓலை

“ஏனுங் அம்மிணி, கல்லு மனசுக்காரனை அழ வைக்கிற மாதிரி ஒரு ஈவென்ட் எழுதணும். எப்படின்னு சொல்லிக் குடுங்க.”

நாச்சிமுத்து வாசலில் நின்றபடியே கத்தினார். உள்ளே மில் ஓடிக்கொண்டிருந்தது.

குருவுக்குக் காதில் விழுந்தது. விழாத மாதிரி, நான் அரைக்கக் கொண்டுவந்த கம்பை அள்ளி மில்லில் கொட்டினார்.

குரு என்றதும் தாடி, கமண்டலம் என்று போய்விடாதீர்கள். எங்கள் குருவுக்கு இருபத்தொன்பது வயது. பேர் சுகந்தி. உடுமலைப்பேட்டையில் மாவு மில் நடத்துகிறார். மில்லுக்குப் பக்கத்து மேசையில் ஒரு லேப்டாப். அதன் மேல் எப்போதும் ஒரு படலம் மாவு இருக்கும். சீடர்கள் நாங்கள் ஐந்து பேர். ஐந்து பேரும் அவரைவிட மூத்தவர்கள். ஐந்து பேருக்கும் வீட்டில் மரியாதை கிடையாது.

வித்தை என்னவென்றால், கம்ப்யூட்டர் விளையாட்டுதான். கோட்டை, டிராகன், மந்திரவாதி எல்லாம் உள்ள போர் விளையாட்டு. அதற்கு நாங்களே புதிது புதிதாக மேப் செய்வோம்.

மேப்பில் ஏதோ ஒரு கட்டத்தில், கண்ணுக்குத் தெரியாமல், ஒரு ஈவென்டைப் பொதித்து வைப்போம். வீரன் அந்தக் கட்டத்தை மிதித்தால் திரையில் ஓலை விரியும். நாம் எழுதி வைத்தது அங்கே நடக்கும். கிழவி வந்து வாள் கொடுப்பாள். அல்லது பாதிப் படை ஓடிப்போகும்.

எதை, எங்கே, எப்போது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதில் சுகந்தியை மிஞ்ச ஆள் கிடையாது.

நாச்சிமுத்து ரிட்டயரான சர்வேயர். வயது அறுபத்தொன்று. தங்கமான மனுசன், கோபம் மட்டும் அவருக்கு முன்னால் நடந்து போகும்.

மில் நின்றது.

“யாரை அழ வைக்கணும், சர்வேயரய்யா?”

“என் மச்சினனைத்தான். திருமூர்த்தியை.”

“அவருக்குத்தான் ஒரு மேப் செஞ்சு குடுத்தீங்களே?”

“குடுத்தேன். படிச்சான். ஒரு வார்த்தை பேசலை.”



கதை எங்கள் ஐந்து பேருக்கும் தெரியும். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

நாச்சிமுத்துவும் அவர் மனைவியின் தம்பி திருமூர்த்தியும் பதினெட்டு வருசமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆடினவர்கள். திருமூர்த்தி வீட்டில், ஒரே கம்ப்யூட்டரில். ஒருத்தர் ஒரு முறை படையை நகர்த்தி முடித்தால் அது ஒரு நாள் என்பது விளையாட்டுக் கணக்கு. ஒருத்தர் தன் நாளை ஆடும்போது மற்றவர் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். எதிராளி படையை எங்கே நகர்த்துகிறான் என்று பார்த்துவிட்டால் அப்புறம் என்ன ஆட்டம்?

நாச்சிமுத்து பார்த்தார். அலமாரிக் கண்ணாடியில் பார்த்தார். எட்டு வருசம்.

ஐந்து மாசத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, திருமூர்த்தியின் மருமகன் அதைக் கவனித்துவிட்டுச் சிரித்தான். “பெரியவர் கண்ணாடில பாக்கறாருங்க, மாமா!”

மாப்பிள்ளைப் பையன் முன்னால் மானம் போகிறது. நாச்சிமுத்து என்ன செய்திருக்க வேண்டும்? சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார்.

“என் பொண்டாட்டி ராசாத்தி தலை மேல சத்தியமா நான் பாக்கலை!”

திருமூர்த்தி எழுந்து கம்ப்யூட்டரை அணைத்தார். அவ்வளவுதான். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இரண்டு வீட்டிலும் இல்லாமல் போனது.

நேரில் போய்ப் பேச நாச்சிமுத்துவுக்குக் கால் வரவில்லை. இரண்டு மாசம் உட்கார்ந்து ஒரு மேப் செய்தார். அதில் ஒரு ஈவென்டில் தன் மனசை எழுதி வைத்தார். பென் டிரைவை ராசாத்தியம்மாதான் தம்பி வீட்டுக்குக் கொண்டுபோனார்.

“முழுசா ஆடி முடிச்சுட்டான், அம்மிணி. கடைசிக் கோட்டை வரைக்கும் புடிச்சுட்டான். என்னடா தம்பி எப்படின்னு இவ கேட்டிருக்கா. நல்லா இருக்குன்னானாம். நல்லா இருக்கு! என் மனசை அறுத்து உள்ள வெச்சிருக்கேன், ஏதோ தக்காளிச் சட்னி மாதிரி நல்லா இருக்குன்னுட்டான்!”

“இப்ப என்ன அவசரம்?”

“வர்ற வெள்ளிக்கிழமை அவன் பேத்திக்குக் காது குத்து.”

“பத்திரிகை வந்துச்சா?”

“வந்துச்சு. டிரைவர் கையில.”

நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். கூடப் பிறந்த அக்கா வீட்டுக்குத் தட்டத்தில் வெற்றிலை பாக்கு வைத்துத் தானே வந்து கூப்பிடுவதுதான் முறை. டிரைவர் கையில் கொடுத்துவிடுவது கன்னத்தில் அறைகிற மாதிரி.

“நான் போக மாட்டேன்னு சொல்லிட்டேன். நீங்க வரலைன்னா நானும் போகலைங்கறா ராசாத்தி. எங்கப்பன் வீட்டு வாசல் இதோட முடிஞ்சுதுன்னு நேத்துலேர்ந்து அழுதுட்டு இருக்கா. எனக்கு மட்டும் என்ன, நெஞ்சு இரும்பா? அவன் இல்லாம ஞாயித்துக்கிழமை விடியறதே வேஸ்ட்டா இருக்குது.”

துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“இன்னிக்குச் செவ்வாய். வெள்ளிக்குள்ள அவனா வந்து என்னைக் கூப்புடணும். அப்பிடி ஒரு ஈவென்ட் வேணும்.”

குரு கையை நீட்டினார். “அந்த மேப்பைக் குடுங்க.”

லேப்டாப்பில் போட்டார். நாச்சிமுத்து பின்னாலேயே வந்து நின்றார்.

“இடது பக்கமாப் போங்க, அம்மிணி. அங்க ஒரு சுரங்கம்...”

குரு கையை எடுத்துவிட்டார்.

“சரி சரி. பேசலை.”

“என் முதுகுக்குப் பின்னாடி ஆள் நின்னா எனக்கு ஆட வராது. அங்க போய் உக்காருங்க.”

அங்கே என்றால் வற்றல் மிளகாய் மூட்டை. நாச்சிமுத்து அதன் மேல் உட்கார்ந்தார். தும்மினார். மறுபடியும் தும்மினார்.

“உங்க மச்சினன் எப்படி ஆடுவாரு?”

“நிதானம். ஊரெல்லாம் சுத்தி, படை சேத்து, மூட்டை கட்டி, அப்புறந்தான் கிளம்புவான். பத்து நாளைக்கு முன்னாடி தன் எல்லையைத் தாண்ட மாட்டான்.”

“நீங்க?”

“எனக்குப் பொறுமை ஏது?”

குரு திருமூர்த்தி மாதிரியே ஆடினார். முதல் நாள் முடிந்தது. இரண்டாம் நாள். மூன்றாம் நாள். நடுவில் ஒரு அம்மா ராகி கொண்டுவந்தார். குரு எழுந்துபோய் அரைத்துக் கொடுத்துவிட்டு வந்து நான்காம் நாளை ஆடினார்.

நாச்சிமுத்துவால் தாங்க முடியவில்லை.

“பாலத்துக்கு வந்தாச்சுங்களா?”

குரு திரும்பாமலே கையை உயர்த்திக் காட்டினார். பொறுங்கள் என்று அர்த்தம்.

ஆட்டத்தில் பத்தாம் நாள் வந்தது. மூட்டை மேல் ஐந்து தும்மல் ஆனது.

“தாண்டிட்டேன்,” என்றார் குரு.

“எதை?”

“பாலத்தை.”

“படிச்சீங்களா?”

“என்னத்தை?”

நாச்சிமுத்து மூட்டையிலிருந்து குதித்து ஓடிவந்தார். வேட்டி முழுக்க மிளகாய்த் தூள்.

“பாலத்து நடுக் கட்டத்துல வெச்சேன், அம்மிணி! அளந்து வெச்சேன்! முப்பத்திரண்டு வருசம் சர்வே பண்ணவன் நான், தப்பாது! ஆத்தைத் தாண்ட அந்த மேப்புல அது ஒண்ணுதான் பாலம். யாரானாலும் அதை மிதிச்சுத்தான் ஆகணும்!”

“யாரானாலும்,” என்றார் குரு.

“ஆமாங்.”

குரு மேப்பை, நாங்கள் மேப் செய்கிற எடிட்டரில் திறந்தார். பாலத்தின் நடுக் கட்டத்தைத் தொட்டார். நாச்சிமுத்து வைத்த ஈவென்டின் அமைப்பு வந்தது.

ஒரே ஒரு தடவை விரிந்து அழிந்துவிடும்படி வைத்திருந்தார். அது சரிதான். அதற்குக் கீழே இரண்டு சின்னக் கட்டம். யார் மிதித்தால் விரிய வேண்டும்? மனிதர் ஆடினால் என்பதில் டிக். கம்ப்யூட்டர் ஆடினால் என்பதிலும் டிக்.

குரு இரண்டாவது டிக்கின் மேல் விரலை வைத்து எடுத்தார். திரையில் வெள்ளையாக மாவு ஒட்டியது.

“எதிரியோட சிவப்புக் கோட்டை எங்க இருக்கு?”

“ஆத்துக்கு அந்தாண்டை.”

“சிவப்பை யார் ஆடறது?”

“கம்ப்யூட்டர்.”

“சிவப்பு வீரன் நாலாம் நாள் பாலத்தைத் தாண்டி இந்தாண்டை வந்துட்டான்.”

நாச்சிமுத்து திரையைப் பார்த்தார். குருவைப் பார்த்தார். 

கம்ப்யூட்டர் மிதித்தால் ஓலை யார் கண்ணிலும் படாது. அது உள்ளுக்குள்ளேயே முடிந்து, அந்தக் கட்டம் வெறுங்கட்டமாகிவிடும். திருமூர்த்தி பத்தாம் நாளோ பன்னிரண்டாம் நாளோ பாலத்துக்கு வந்தபோது அங்கே ஒன்றுமே இல்லை.

“நீங்க ஆடிப் பாக்கலையா?” என்றேன் நான். எனக்கு வாய் சும்மா இருக்காது.

“நாப்பது தடவை ஆடிப் பாத்தேன்! நாப்பது தடவையும் ஓலை வந்துச்சு!”

“எத்தனாவது நாள் பாலத்துக்குப் போனீங்க?” என்றார் குரு.

“ரெண்டாவது நாள். நேரா அங்கதானே போவேன்? ஓலை அங்க இருக்குன்னு எனக்குத்தான்...”

நிறுத்திக்கொண்டார். மெதுவாகத் தரையிலேயே உட்கார்ந்தார்.

“அப்ப அவன் படிக்கவே இல்லை.”

“இல்லை.”

“மூணு மாசமா அவனைக் கல்நெஞ்சன், கல்நெஞ்சன்னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லிட்டு வந்தேனே! பாவி, அவனுக்கு ஒண்ணுமே தெரியாது!”

அழுதார். அழுதுகொண்டே சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. யாரோ ஒரு கம்ப்யூட்டர் வீரன், குதிரை மேல் உட்கார்ந்து, நம்ம சர்வேயரின் மன்னிப்புக் கடிதத்தைப் படித்துவிட்டுப் போயிருக்கிறான்!

நாச்சிமுத்து எழுந்தார். புது ரத்தம் ஊறின மாதிரி ஆகிவிட்டார்.

“அந்த டிக்கை மட்டும் எடுத்துருங்க, அம்மிணி. ஒரு நிமிச வேலை. இப்பவே பென் டிரைவைக் குடுத்து விடறேன். படிச்சான்னா அவனே ஓடி வருவான் பாருங்க.”

“இருங்க. ஓலையைப் படிக்கிறேன்.”

குரு சத்தமாகப் படித்தார். ரேஷன் கடையில் பேர் வாசிக்கிற குரலில்.

“வீரத்தின் விளைநிலமே, கொங்கு மண்டலத்தின் கோமானே, மாமன்னர் திருமூர்த்தி அவர்களே! காலமெனும் கள்வன் நம்மிடையே அனுப்பிய சிறு மேகமொன்று நட்பெனும் நிலவை மறைத்ததையெண்ணி எம் நெஞ்சம் நீறாகிறது...”

நாற்பத்தோரு வரி. நாச்சிமுத்து கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

“எப்படி இருக்குதுங்க?”

“சத்தியம் எங்க?”

“எதுங்க?”

“உங்க வீட்டம்மா தலை மேல பண்ண பொய் சத்தியம். நாப்பத்தோரு வரில அது எங்க இருக்கு?”

நாச்சிமுத்து கண்ணைத் திறந்தார்.

“அது வந்து... சிறு மேகம்னு சொல்லியிருக்கேன்.”



“தலையைச் சுத்தி மூக்கைத் தொடறதுன்னா இதுதானுங்களா?” என்றேன் நான்.

“நீ சும்மா இருய்யா!” என்று என் மேல் பாய்ந்தார். அப்புறம் குருவிடம் குரல் இறங்கியது. “ஏன் அம்மிணி, இதைப் படிச்சிருந்தா அவன் வந்திருக்க மாட்டானுங்களா?”

“சிவப்பு வீரன் நல்லவன். உங்க மச்சினன் கையில கிடைக்காமப் பண்ணிட்டான்.”

சொல்லிவிட்டுக் குரு அந்த ஓலையைத் தேர்ந்தெடுத்து அழித்தார்.

“அய்யய்யோ! ரெண்டு மாசம் எழுதினது!”

குரு காதில் வாங்கவில்லை. சிவப்புக் கோட்டையைத் தொட்டார். ஆடுபவர் கம்ப்யூட்டர் என்று இருந்தது. அதை மாற்றி மனிதர் என்று வைத்தார். மேப்பைச் சேமித்துப் பென் டிரைவைப் பிடுங்கி நாச்சிமுத்துவின் உள்ளங்கையில் வைத்தார்.

“என்ன பண்ணீங்க?”

“இனி இதை ஒருத்தரா ஆட முடியாது.”

“அவன் வீட்டுல ஆடறதுக்கு வேற ஆளே கிடையாதுங்களே. அவன் எப்படி ஆடுவான்?”

குரு எழுந்துபோய் மில்லைப் போட்டார்.

“அம்மிணி! அவன் எப்படி ஆடுவான்னு கேக்கறேன்!”

மில் ஓடியது. குரு மிச்சமிருந்த என் கம்பைக் கொட்டினார். மாவு புகை மாதிரி எழுந்தது.

நாச்சிமுத்து வேட்டியிலிருந்த மிளகாய்த் தூளைத் தட்டினார், பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டார், செருப்பை மாட்டினார். அவர் வீடு மில்லுக்கு வலது பக்கம். மனுசன் இடது பக்கம் நடந்தார்.

அப்புறம் நடந்ததை அவரே எங்களுக்குச் சொன்னார்.

திருமூர்த்திதான் கதவைத் திறந்தார்.

“வாங்க,” என்றார். எங்கள் பக்கம் எதிரி வந்தாலும் அதைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். 

நாச்சிமுத்து பென் டிரைவை நீட்டினார். திருமூர்த்தி வாங்கிக் கம்ப்யூட்டரில் செருகினார்.

“போன தடவை குடுத்த மேப்புதானே?”

“அதேதான், மாப்ள.”

“சிவப்புக்கு ஆள் கேக்குதே?”

“ஆமா.”

“அப்போ கம்ப்யூட்டர் ஆடுச்சே.”

“அதைத் தூக்கியாச்சு. சிவப்பு நான்தான்.”

திருமூர்த்தி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, நீலத்துக்குத் தன் பேரைப் போட்டார். முதல் நாள் நீலத்துடையது.

நாச்சிமுத்து போய் ஸ்டூலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். பக்கத்தில் அலமாரி. அந்தப் பக்கம் கண் போகவிடாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

மவுஸ் சத்தம் கேட்டது. நிதானமாக, ஒவ்வொன்றாக.

“மாப்ள.”

“ம்.”

“உங்கக்கா தலை மேல நான் பண்ணது பொய் சத்தியம்.”

மவுஸ் சத்தம் நின்றது.

“கண்ணாடில பாத்தேன். எட்டு வருசமாப் பாத்தேன். அன்னிக்கு உன் மருமகன் முன்னாடி அசிங்கமாப் போயிருமேன்னு, அவளை இழுத்துட்டேன். எனக்குச் சோறு போட்டவ தலை மேல அடிச்சேன். தப்பு, மாப்ள. ரொம்பப் பெரிய தப்பு.”

மின்விசிறி சுற்றியது. சமையல்கட்டில் யாரோ பாத்திரத்தை வைத்தார்கள்.

“வெள்ளிக்கிழமை அக்காவைக் கூட்டிட்டு, விடிஞ்சதும் வெள்ளெனவே வந்துருங்க,” என்றார் திருமூர்த்தி. “என் கோவம் அந்தச் சத்தியத்துக்குத்தான். கண்ணாடிக்கு இல்லை.”

“நான் கண்ணாடில பாக்கறது உனக்கு அன்னிக்குத்தானே தெரியும்?”

“கண்ணாடி தெரியற மாதிரி அந்த ஸ்டூலை அலமாரிப் பக்கம் இழுத்துப் போட்டதே நான்தான், மச்சான்.”

நாச்சிமுத்துவுக்குப் புரியவில்லை.

“நீயா? ஏன் மாப்ள?”

“மூணு வாரம் சேந்தாப்புல தோத்தா, நாலாவது வாரம் நீங்க வர மாட்டீங்க.”

நாச்சிமுத்து ஸ்டூலில் இருந்து எழப் போனார்.

“திரும்பாதீங்க,” என்றார் திருமூர்த்தி. குரல் உடைந்திருந்தது. “என் நாள் இன்னும் முடியலை.”